வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது? பத்து ஹாலோவீன் இரவுகளில் கற்றவை

நாங்கள் மத்திய நியூ ஜெர்சியில் வீடு வாங்கிக் குடிபுகுந்தது 2016 ஆகஸ்டில். அதற்கு முன் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தவரை, அலுவலகத்தில் யாராவது சூனியக்காரித் தொப்பி அணிந்து வருவார்கள் என்பதற்கு மேல் ஹாலோவீனைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தனிவீட்டுக்கு வந்த பிறகுதான், அக்டோபர் 31 அன்று மாலை பிள்ளைகள் வேடமணிந்து வீடுவீடாக மிட்டாய் வாங்க வருவார்கள் என்றும், வாசல் விளக்கைப் போட்டு வைத்தால் அவர்களை வரச் சொல்வதாகவும், அணைத்து வைத்தால் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்பதாகவும் பொருள் என்று தெரிந்தது. எதிர்வீட்டில் வசிக்கும், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையான அம்மையார்தான் இதைச் சொன்னார். எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று அவரிடம் கேட்டு வைத்துக்கொண்ட எனக்கு, என்ன கொடுக்கலாம் என்று கேட்கத் தோன்றவில்லை. மிட்டாய் கொடுப்பதில் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அப்போது என் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். கொலு எடுத்து வைத்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. தெருவெங்கும் முகம் செதுக்கிய பரங்கிக்காய்களைப் பார்த்து அவர் வியக்கவே இல்லை. நம் ஊரில் திருஷ்டிப் பூசணிக்குக் கண்ணும் மூக்கும் எழுதுவதில்லையா என்று கேட்டார். வீடு தேடி வரும் குழந்தைகளுக்குக் கடைச் சாக்லேட்டைக் கொடுப்பதுதான் அவருக்கு மனம் ஒப்பவில்லை. “சுண்டல் பண்ணிப் பொட்டலமா மடிச்சுக் குடுத்தா என்னம்மா?” என்றார். “வேண்டாம் அத்தை, இங்கே அவிழ்த்த பண்டத்தை வாங்க மாட்டார்கள்” என்று சொல்லி, இருவருக்கும் பொதுவாக ஒரு முடிவுக்கு வந்தோம். இந்தியக் கடையில் கடலை மிட்டாய் வாங்குவது என்பதே அந்த முடிவு. ஒவ்வொரு வில்லையும் தனி உறையில் இருந்தது, செயற்கை நிறம் கிடையாது, வெல்லமும் கடலையும் தவிர வேறொன்றும் இல்லை. எண்பது வில்லைகளைக் கண்ணாடிக் கிண்ணத்தில் நிரப்பி, அதே கிண்ணத்தில் கொஞ்சம் சாக்லேட்டும் கலந்து வைத்தேன்.

மாலை ஆறரை இருக்கும். தீயணைப்பு வீரர் உடை அணிந்த, ஆறு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் ஒரு வில்லையை எடுத்தான். எடுத்தவன் மிட்டாய் சேர்க்கும் தன் வாளியில் போடாமல் உறையைத் திருப்பி வாசல் விளக்கின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அந்த வயதில் அந்தப் பொடி எழுத்தைப் படிக்க முடியாது. ஆனால் எந்தப் பண்டத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குப் பழக்கியிருக்கிறார்கள். தெருவோரம் நின்றிருந்த அவன் தந்தை அதற்குள் படியேறி வந்து, “மன்னிக்க வேண்டும், இதில் நிலக்கடலை இருக்கிறதா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அவர் அந்த வில்லையை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஈரத்தாளை எடுத்து மகனின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அவருடைய இடுப்புப் பையில், ஒவ்வாமை கடுமையானால் உடனே போட வேண்டிய எபினெஃப்ரின் ஊசிகள் இரண்டு இருந்தன. எதுவும் நேரவில்லை. சாக்லேட்டையாவது எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கிண்ணத்தை நீட்டினேன். கடலையோடு கலந்து கிடப்பதால் அதுவும் வேண்டாம் என்று அவர் தலையசைத்தார். பையன் எதுவும் வாங்காமலேயே எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய்விட்டு விளக்கை அணைத்தேன். கணவர் அவசரமாகக் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். ஹாலோவீன் அன்று இரவு ஏழு மணிக்குக் கடையில் என்ன இருக்கும்? அலமாரி துடைத்துவிட்டாற்போல் இருந்திருக்கிறது. எஞ்சியிருந்தது மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை என மூன்று நிறத்தில் சோளமணி வடிவில் செய்த ‘கேண்டி கார்ன்’ மட்டுமே. அதன் சிறு பொட்டலங்களைக் கொடுத்து இரவை ஒப்பேற்றினோம். அதிலும் ஒரு தவறு இருந்தது என்பது அடுத்த ஆண்டுதான் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சுண்டலுக்கு வருகிறவர்கள் யார், யாருக்கு என்ன ஆகாது என்பது கொலு வைத்த வீட்டுக்குத் தெரியும். ஹாலோவீன் இரவில் வருகிறவர்கள் முகமூடி அணிந்த, பெயர் தெரியாத, ஒரு நிமிடம்கூட நிற்காத பிள்ளைகள். நமக்குப் பிடித்த பண்டம், நம் ஊர்ப் பெருமை, நம் கைப்பக்குவம் எதுவும் அங்கே கணக்கில் வராது. அந்தத் தந்தை உறையைப் படித்துவிட்டு மகனிடம் ‘எடுத்துக்கொள்’ என்று சொல்ல முடிகிற பொருளாக இருக்க வேண்டும் என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டுதான் அடுத்த ஆண்டிலிருந்து கடைக்குப் போகத் தொடங்கினேன்.

அமெரிக்கச் சட்டப்படி உறையில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய முக்கிய ஒவ்வாமைப் பொருள்கள் ஒன்பது: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகைகள், முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா, எள். எள் கடைசியாக, 2023 ஜனவரி முதல் சேர்க்கப்பட்டது. ஆகவே கடலை மிட்டாய்க்குப் பதில் எள்ளுருண்டை என்ற யோசனைக்கும் இடமில்லை. ஆனால் ‘கடலை கலந்திருக்கக்கூடும்’ என்ற எச்சரிக்கை வரியைப் போட வேண்டும் என்று சட்டம் வற்புறுத்துவதில்லை. அது தயாரிப்பாளரின் விருப்பம். அந்த வரி இல்லாததாலேயே பண்டம் பாதுகாப்பானது என்று முடிவு கட்ட முடியாது. இன்னொன்று, பெரிய அளவில் விற்கும் அதே சாக்லேட்டை ஹாலோவீனுக்காகச் சின்னஞ்சிறியதாகச் செய்யும்போது வேறு ஆலையிலோ வேறு இயந்திர வரிசையிலோ செய்வதுண்டு. பெரியதில் இல்லாத எச்சரிக்கை சிறியதில் இருக்கும். சென்ற ஆண்டு படித்தோமே என்று இந்த ஆண்டு படிக்காமல் விடவும் கூடாது.

சிறு மிட்டாய்கள் பலவற்றின் தனி உறையில் பொருள்பட்டியல் இருப்பதில்லை, வெளிப்பையில்தான் இருக்கும். நாமோ கிண்ணத்தில் கொட்டிய கையோடு வெளிப்பையைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். நான் இப்போது அந்தப் பையில் பட்டியல் இருக்கும் பகுதியைக் கத்தரித்து, கிண்ணத்தின் வெளிப்புறத்தில் நாடாவால் ஒட்டி வைக்கிறேன். இரண்டு நிமிட வேலைதான். 2017-ல் அந்தத் தந்தையும் மகனும் மறுபடி வந்தபோது அவர் கைப்பேசி வெளிச்சத்தில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். பின்னால் நான்கு பிள்ளைகள் வரிசையில் காத்திருந்தார்கள். படித்து முடித்துத் தலையசைத்ததும் பையன் இரண்டு எடுத்துக்கொண்டான். அந்த ஆண்டு அவன் டைனோசர்.

அவன் எடுத்தது ஸ்மார்ட்டீஸ். அழுத்திச் செய்த சிறு சர்க்கரை வில்லைகளை அடுக்கிக் கண்ணாடித்தாளில் சுருட்டியிருப்பார்கள்; எங்கள் மாநிலத்தில் யூனியன் என்ற ஊரிலேயே தயாராகிறது. மேலே சொன்ன ஒன்பதில் எதுவும் அதில் இல்லை. ஓஹையோவில் தயாராகும் டம் டம்ஸ் என்ற குச்சி மிட்டாயிலும் இல்லை. கனடாவில் இருப்பவர்கள் மட்டும் இதைப் படித்துவிட்டு ஸ்மார்ட்டீஸ் வாங்கிவிட வேண்டாம். அங்கே அந்தப் பெயரில் விற்பது பால் சேர்த்த, நிறம் பூசிய சாக்லேட் வில்லை. நான் சொல்லும் பண்டத்துக்கு அங்கே ராக்கெட்ஸ் என்று பெயர். ஸ்கார்பரோவில் இருக்கும் என் தங்கை இந்தப் பெயர்க் குழப்பத்தில் ஒருமுறை மாட்டிக்கொண்டாள்.

ஸ்மார்ட்டீஸை மலிவுப் பண்டம் என்று எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் முகம் சுளிப்பார்கள். விண்வெளி வீராங்கனை உடையில் வந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும், கிண்ணத்தில் சாக்லேட்டுகளைத் தள்ளிவிட்டு அடியிலிருந்து நான்கு சுருள்களைத் தேடி எடுத்தாள். வெள்ளி நிறக் கைப்பகுதியை அவள் மடக்கியபோது மேற்கையில் சர்க்கரை அளவைக் கண்காணிக்கும் சிறு வட்ட உணரி ஒட்டியிருந்தது. “எனக்கு இது மிட்டாய் இல்லை, மருந்து” என்று சிரித்தாள். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிட்டால், விரைவில் ரத்தத்தில் சேரும் சர்க்கரை உடனடியாகத் தேவைப்படும். இந்த வில்லைகள் பெரும்பாலும் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ். ஒரு சுருளில் சுமார் 6 கிராம் மாவுச்சத்து என்பதால் கணக்கு வைப்பதும் எளிது. நீரிழிவு உள்ள பிள்ளைக்குச் சர்க்கரை இல்லாத மிட்டாய்தான் கொடுக்க வேண்டும் என்று அதுவரை நான் நினைத்திருந்தேன். சர்க்கரை இல்லாதது என்று விற்கும் பல பண்டங்களில் சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு இருக்கும். வீட்டு நாய் ஒன்று அதைத் தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. சாக்லேட்டும் உலர்திராட்சையும்கூட நாய்க்கு நஞ்சுதான்.

இனி கேண்டி கார்ன். 2017 அக்டோபரில் அதே பொட்டலத்தைக் கடையில் எடுத்து நிதானமாகப் படித்தபோது பட்டியலில் ஜெலட்டின் இருந்தது. ஜெலட்டின் என்பது பன்றி அல்லது மாட்டின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. எங்கள் தெருவில் குஜராத்தி ஜைனக் குடும்பங்கள் மூன்று, பாகிஸ்தானிலிருந்து வந்த குடும்பங்கள் இரண்டு, யூதக் குடும்பம் ஒன்று, எங்களைப் போலச் சைவ உணவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர். முதல் ஆண்டு இரவு ஏழு மணிக்கு மேல் நான் கொடுத்தது இவர்களில் யாருடைய வீட்டிலும் ஆகாத பண்டம். நானே உண்ணாத பொருளை ஊருக்குக் கொடுத்திருக்கிறேன். அதே பட்டியலில் பளபளப்புக்காகப் பூசும் ‘மிட்டாய் மெருகு’ என்ற பொருளில் ஒரு பெயரும் இருக்கிறது. அது நம் அரக்குதான். பாண்டவர்களுக்கு மாளிகை கட்டிய அதே அரக்கு, பூச்சி சுரப்பது, மிட்டாயில் மினுமினுக்கிறது என்று கணவரிடம் சொன்னபோது அவர் அன்று முழுவதும் நம்பவில்லை.

மெல்லும் கரடி மிட்டாய்கள், மார்ஷ்மெல்லோ, ஸ்டார்பர்ஸ்ட் ஆகியவற்றில் ஜெலட்டின் உண்டு. ஸ்கிட்டில்ஸில் ஒரு காலத்தில் இருந்தது, பிறகு நீக்கிவிட்டார்கள். பழக்கூழைக் கெட்டியாக்க உதவும் பெக்டின் சேர்த்துச் செய்தவை தாவர வகை என்பதால் மெல்லும் மிட்டாய் வேண்டுமென்றால் அந்தச் சொல்லைத் தேடி வாங்கலாம். யூத உணவு விதிகளுக்கு ஏற்றது என்று காட்டும், வட்டத்துக்குள் ‘யூ’ எழுத்துப் போட்ட கோஷர் முத்திரை இருந்தால் சைவம் என்று நம்மவர்கள் சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. யூத முறைப்படி அறுத்த மாட்டிலிருந்தோ, மீனிலிருந்தோ எடுத்த ஜெலட்டின் கோஷர் பண்டத்தில் இருக்கலாம். அந்த முத்திரைக்குப் பக்கத்தில் ‘டி’ என்ற எழுத்து இருந்தால் பால் தொடர்பு உண்டு என்று தெரிந்துகொள்ளலாம், பால் ஒவ்வாத பிள்ளைக்கு அது பயன்படும் குறிப்பு.

வீட்டுப் பலகாரத்தைப் பற்றி என் மாமியார் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். முன்னொரு காலத்தில் அமெரிக்காவிலும் வீட்டில் செய்த பிஸ்கட்டும் சோளப்பொரி உருண்டையும்தான் கொடுத்திருக்கிறார்கள். மிட்டாயில் நஞ்சு வைக்கிறார்கள், ஆப்பிளில் சவரத்தகடு செருகுகிறார்கள் என்ற அச்சம் பரவியபின் அது நின்றுபோனது. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் பேராசிரியர் 1958 முதலான செய்திகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, முன்பின் தெரியாதவர் கொடுத்த ஹாலோவீன் பண்டத்தால் குழந்தை இறந்ததாக உறுதியான நிகழ்வு ஒன்றுகூட இல்லை என்றார். 1974-ல் டெக்சாஸில் எட்டு வயதுச் சிறுவன் சயனைடு கலந்த மிட்டாய்த்தூளைத் தின்று இறந்தது உண்மை. ஆனால் அதைக் கொடுத்தவன் காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவனுடைய தந்தையே. எனவே அச்சத்துக்கு ஆதாரம் குறைவுதான். இருந்தாலும், நாம் நெய்விட்டுச் செய்த மைசூர்பாகை வாங்கிக்கொண்டு போகும் தாய், வீட்டில் மேசைமேல் வாளியைக் கவிழ்த்ததும் முதலில் குப்பையில் போடுவது அதைத்தான். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியில்லாத பண்டத்தை அந்தத் தீயணைப்பு வீரனின் தந்தை எப்படிப் படிப்பார்?

ஒரு வருடம் ஆரோக்கிய ஆர்வம் தலைக்கேறி உலர்திராட்சைப் பெட்டிகளைக் கொடுத்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு பெட்டிகள் மறுநாள் காலை எங்கள் வேலியோரத்தில் கிடந்தன.

தின்பண்டம் அல்லாத பொருள்களுக்கு நான் வந்தது 2018-ல். உணவு ஒவ்வாமைக்காகப் பணியாற்றும் ‘ஃபேர்’ என்ற அமைப்பு, டென்னசியில் ஒரு சிறு குழு செய்துவந்த யோசனையை எடுத்து 2014-ல் நாடு முழுவதும் பரப்பியது. வாசலில் மயில்கழுத்து நிறம் பூசிய பரங்கிக்காய் ஒன்று இருந்தால், அந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத பரிசும் கிடைக்கும் என்று பொருள். ஒரு காயை வாங்கி நிறம் பூசி வைத்தேன். பரிசுப் பொருள்களை மிட்டாய்க் கிண்ணத்தில் போடாமல் தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும் என்பது முதல் ஆண்டுச் சாக்லேட் கற்றுக்கொடுத்திருந்த பாடம். ஒளிரும் வளையல்கள் எல்லாவற்றையும்விட வேகமாகக் காலியாயின. ஒவ்வாமை எதுவும் இல்லாத பிள்ளைகளே சாக்லேட்டை விட்டுவிட்டு அதை எடுத்தார்கள், இருட்டில் உடனே மாட்டிக்கொண்டு ஓடலாம் அல்லவா! ஒட்டுப்படங்கள் குறுநடைப் பிள்ளைகளுக்கு ஏற்றவை. பென்சில் கொடுத்தால் பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் பள்ளிக்கூடம் இங்கேயும் வந்துவிட்டதா என்பதுபோலப் பார்ப்பார்கள்.

பொம்மைகளிலும் கவனம் வேண்டும். விரலில் மாட்டும் மலிவான மின்விளக்கு மோதிரங்களை ஒருமுறை வாங்கினேன். வீட்டில் ஒன்றைக் கீழே போட்டுப் பார்த்தபோது மூடி கழன்று பொத்தான் போன்ற மின்கலம் உருண்டு வெளியே வந்தது. குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழாய் சில மணி நேரத்தில் புண்ணாகிவிடும். இந்த ஆபத்துக்காகவே 2022-ல் இந்நாட்டில் தனிச்சட்டம் வந்திருக்கிறது. ஒரு பெட்டி மோதிரத்தையும் கடைக்கே திருப்பினேன். துள்ளும் சிறு பந்துகளையும் அன்றோடு விட்டேன். நான்கு வயதுக்கு உட்பட்டவர்களின் தொண்டையில் உருண்டையான, கெட்டியான எதுவும் சிக்கிக்கொள்ளலாம் என்பதால் அவர்களுக்குக் குச்சி மிட்டாயும் நான் கொடுப்பதில்லை.

யார் எப்போது வருவார்கள் என்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. 2007 முதல் கடிகாரத்தைப் பின்தள்ளுவது நவம்பரின் முதல் ஞாயிறு என்று ஆனதால், ஹாலோவீன் அன்று எங்கள் பகுதியில் ஆறு மணிக்குச் சற்று முன்புவரை வெயில் இருக்கிறது. ஐந்து மணிக்கே பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு பொடிசுகள் வந்துவிடும். ஆகவே முதலில் ஒட்டுப்படம், இருட்டியபின் வளையலும் மிட்டாயும், எட்டு மணிக்குமேல் வேடம்கூடப் போடாமல் தலையணை உறையோடு வரும் பதின்வயதினருக்குச் சாக்லேட் என்று வைத்துக்கொள்கிறேன். ‘இவ்வளவு பெரிய பிள்ளைக்கா?’ என்று சிலர் கேட்கிறார்கள். கேட்காமல் கொடுத்துவிடுவது எனக்கு நல்லதாகப் படுகிறது. ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’ என்ற வழக்கமான வாசகத்தைச் சொன்னால்தான் தருவேன் என்றும் நான் யாரிடமும் நிபந்தனை போடுவதில்லை. பேச்சு வராத பிள்ளைகளும் படியேறி வருகிறார்கள்.

கிண்ணத்தைப் படியில் வைத்து ‘ஒன்று எடுத்துக்கொள்ளவும்’ என்று எழுதிவிட்டு வெளியே போனதும் ஒருமுறை உண்டு. திரும்பி வந்தபோது எழுதிய தாள் மட்டும் இருந்தது. 2020-ல் பெருந்தொற்றின்போது பொட்டலங்களைத் தனித்தனியாகக் கட்டி வீட்டு முன்வழியில் மேசை போட்டு வரிசையாக வைத்து, நாங்கள் பத்தடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அது நன்றாகவே நடந்தது. யாரும் இரண்டு எடுக்கவில்லை.

செலவையும் சொல்லிவிடுகிறேன். வாரநாளில் ஐம்பது, அறுபது பேர். 2021-ல் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது 96 பேர். 150 துண்டுகள் கொண்ட சாக்லேட் பை ஒன்று போதும் என்று இருந்த கணக்கு இப்போது மாறிவிட்டது. உலகக் கோக்கோவில் பாதிக்குமேல் விளைவிக்கும் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைச்சல் அடிவாங்கியதால், 2022-ல் டன்னுக்கு 2,500 டாலர் அளவில் இருந்த கோக்கோ 2024 டிசம்பரில் 12,000 டாலரைத் தாண்டியது. சாக்லேட் விலை ஏறியதும், சர்க்கரை வில்லையும் ஒளிரும் வளையலும்தான் மலிவு என்று ஆனது. ஒவ்வாமைக்காக மாற்றியது பணப்பைக்கும் ஒத்துவந்தது. அக்டோபர் முதல் வாரத்திலேயே வாங்குபவர்கள், வீட்டில் யாருக்கும் பிடிக்காத மிட்டாயாகப் பார்த்து வாங்கவும். இல்லாவிட்டால் இருபதாம் தேதிக்குள் மறுபடி வாங்க நேரும்.

2024-ல் தீபாவளியும் அக்டோபர் 31 அன்றே வந்தது. அன்று மாமியார் மறுபடி எங்களோடு இருந்தார். அகல்விளக்குகளைப் படிவரிசையில் ஏற்றி வைத்திருந்ததால், பொய்வேடத்து ஆடை எதிலாவது தீப்பற்றிவிடக் கூடாதே என்று ஐந்து மணிக்கே அவற்றை எடுத்து உள்ளே மாடத்தில் வைத்து, வெளியே மின்விளக்குச் சரம் மட்டும் விட்டோம். அதிரசமும் முறுக்கும் செய்திருந்தார். அவற்றை வாசல் கிண்ணத்தில் வைக்கலாமா என்று அவர் கேட்கவில்லை. இரண்டு எவர்சில்வர் டப்பாக்களில் போட்டு உள்ளே வைத்துக்கொண்டு, தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்தபோது பெற்றோரைக் கூப்பிட்டு, “அதிரசத்துல எள்ளு போட்டிருக்கேன், முறுக்குலயும் எள்ளு இருக்கு, உங்க பிள்ளைக்கு ஒத்துக்குமா?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் கையில் கொடுத்தார்.

சென்ற 2025 ஹாலோவீன் வெள்ளிக்கிழமை. 88 பேர் வந்தார்கள். மறுநாள் காலை கும்பகோணத்திலிருந்து தொலைபேசியில் அத்தை கேட்டபோது, மீதியை எண்ணிச் சொன்னேன்: ஸ்மார்ட்டீஸ் பதினொன்று, சாக்லேட் ஆறு, ஒளிரும் வளையல் ஒன்றும் இல்லை, பென்சில் முப்பத்திரண்டு.